மூளைப் பாடத்தை உடம்பிலிருந்து தொடங்குங்கள்

பத்தாம் வகுப்பில் நரம்பு மண்டலம் பாடம் வந்தால் பல வகுப்புகளில் ஒரே முறைதான். கரும்பலகையில் மூளையின் பக்கவாட்டுப் படம், அதைச் சுற்றிப் பத்துப் பன்னிரண்டு அம்புக்குறிகள், நோட்டில் வரைந்துகொள், நாளைக்கு ஒப்பி. பிள்ளைகள் ஒப்பித்தும் விடுவார்கள். "முகுளம் எங்கே இருக்கிறது? உன் தலையில் கை வைத்துக் காட்டு" என்று கேளுங்கள், பாதிப் பேர் நெற்றியைத் தொடுவார்கள். பெயர் தெரியும், அந்தப் பெயருக்கு உரியது தன் தலைக்குள் இருக்கிறது என்பது தெரியாது.

காரைக்குடிப் பக்கம் ஓர் அரசுப் பள்ளியில் அறிவியல் ஆசிரியையாக இருக்கிறேன். இந்தப் பாடத்தை நான் நடத்துகிற வரிசையே வேறு. முதலில் வேலை, அப்புறம் இடம், அதற்கப்புறம் பெயர், எல்லாம் முடிந்த பிறகு படம். ஒரு பகுதி என்ன செய்கிறது என்பதைத் தன் உடம்பில் பார்த்துவிட்ட பிள்ளைக்குப் பெயரைச் சொன்னால் அது தங்கிவிடுகிறது. பெயரை முதலில் கொடுத்தால் தொங்குவதற்கு ஆணி இல்லாமல் விழுந்துவிடுகிறது.

தேவையான பொருட்கள் எல்லாமே கைக்கெட்டும் தூரத்தில் இருக்கின்றன. 30 செ.மீ. ஸ்கேல், முகம் பார்க்கும் கண்ணாடி, கொண்டை ஊசி, கோலமாவு, ஒரு நூல்கண்டு, கொஞ்சம் மசாலாச் சாமான், கறிக்கடையிலிருந்து இரண்டு ஆட்டு மூளை. மொத்தப் பாடத்துக்கும் ஒரு வாரம் ஒதுக்குங்கள். அந்த நேரத்தைக் கொடுக்க மனமில்லையென்றால் மூளையை அறுத்துப் பார்ப்பதை விட்டாலும் விடுங்கள், முதல் நாள் சோதனைகளை மட்டும் விடாதீர்கள்.

முதல் நாள்: புத்தகத்தைத் திறக்க வேண்டாம்

கண்மணியில் தொடங்குங்கள். இரண்டு இரண்டு பேராக எதிரெதிரே உட்காரட்டும். ஒருவர் கண்ணை மூடிக் கையால் பொத்திக்கொண்டு முப்பது எண்ணிவிட்டுச் சன்னல் பக்கம் பார்த்துத் திறக்க வேண்டும். எதிரே இருப்பவர் கண்ணின் நடுவிலுள்ள கறுப்பு வட்டத்தைக் கவனிக்க வேண்டும். அது சட்டென்று சுருங்குவதைப் பார்த்ததும் வகுப்பே சத்தம் போடும். சரி, இதைச் சுருக்கியது யார்? நீ சொல்லித்தான் சுருங்கியதா? "இல்ல டீச்சர், அதுவா சுருங்குது." இதைச் செய்வது நடுமூளை. பெயரை இந்த இடத்தில் சொல்லுங்கள், ஒரே ஒரு தடவை போதும். வீட்டுப்பாடமாகவும் இதையே கொடுப்பேன். நம் ஊர் வளவு வீடுகளில் உள்ளறைகள் பகலிலும் இருட்டாகத்தான் இருக்கும். கொஞ்ச நேரம் உள்ளே இருந்துவிட்டு முற்றத்து வெளிச்சத்துக்கு வந்து, கூட இருப்பவரைப் பார்க்கச் சொல்ல வேண்டும்.

அடுத்தது மூச்சு. எல்லோரும் அடக்கிப் பார்க்கட்டும் (ஆஸ்துமா உள்ளவர்கள் வேண்டாம், அவர்கள் நேரம் குறிக்கட்டும்). கொஞ்ச நேரத்துக்கு மேல் யாராலும் முடியாது. ரத்தத்தில் கார்பன் டை ஆக்சைடு ஏற ஏற, மூச்சுக்கு ஆணையிடும் முகுளம் நம் விருப்பத்தை மீறிக்கொண்டு வேலை செய்கிறது. மூச்சை அடக்கத் தீர்மானித்தது பெருமூளை, அதைத் தோற்கடித்தது முகுளம். தலையில் இவை இரண்டும் எங்கெங்கே என்று அப்போதே தொட்டுக் காட்டச் சொல்லுங்கள். பெருமூளை, நெற்றியில் தொடங்கி உச்சி வழியாகப் பின்தலை வரை. முகுளம், பிடரியும் மண்டையும் சேருகிற பள்ளத்துக்கு உள்ளே. தூங்கும்போதும் மூச்சையும் இதயத் துடிப்பையும் பார்த்துக்கொள்வது அதுதான் என்றதும் பிள்ளைகளின் கை தானாகவே பிடரிக்குப் போகும்.

சிறுமூளைக்குத் தாழ்வாரம் போதும். தரையில் கல் பாவியிருந்தால் இரண்டு வரிசைக் கற்கள் சேருகிற கோடு நேராக இருக்கும். அதன்மேல் ஒரு காலின் குதியை மறு காலின் பெருவிரலில் ஒட்டி ஒட்டி நடக்கச் சொல்லுங்கள். அப்புறம் கண்ணை மூடி, கையை நீட்டி, ஆள்காட்டி விரலால் தன் மூக்கு நுனியைத் தொடட்டும். நரம்பு மருத்துவர்கள் நோயாளிகளைச் செய்யச் சொல்லிப் பார்ப்பதும் இவற்றைத்தான். குடித்தவர் நடை ஏன் தள்ளாடுகிறது என்று ஒரு பிள்ளையாவது கேட்கும். மது சிறுமூளையைப் பாதிக்கிறது, அதனால் தசைகளின் ஒத்திசைவு கெடுகிறது என்று நேராகச் சொல்லிவிடுங்கள். சிரிக்க வேண்டிய இடமில்லை அது. வகுப்பில் சில பிள்ளைகளுக்கு அது வீட்டு விஷயம்.

முழங்கால் அனிச்சையையும் இன்றே செய்துவிடலாம். கால் தரையில் படாமல் மேசையில் உட்காரவைத்து, முழங்கால் சில்லுக்குக் கீழே உள்ளங்கை ஓரத்தால் மெல்லத் தட்டினால் கால் எகிறும். இந்த வேலை மூளையைக் கேட்காமல் தண்டுவடத்திலேயே முடிந்துபோகிறது. சூடான தோசைக்கல்லில் பட்ட கை பின்னுக்கு வந்த பிறகுதான் "ஆ" என்று வலி தெரிகிறது, அதற்கும் இதுவே காரணம். மூளையின் எல்லை எங்கே முடிகிறது என்பதைச் சொல்லாமல் மூளையைச் சொல்லிக்கொடுக்க முடியாது.

விழும் ஸ்கேல்

இந்தச் சோதனைக்கு ஒரு முழு பீரியட் கொடுங்கள். ஒருவர் ஸ்கேலின் மேல் நுனியைப் பிடித்துத் தொங்கவிட வேண்டும். மற்றவர் கீழே 0 கோட்டுக்கு நேராகக் கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் ஸ்கேலில் படாமல் விரித்து வைத்திருக்க வேண்டும். சொல்லாமல் கொள்ளாமல் ஸ்கேலை விட, கீழே இருப்பவர் பிடிக்க வேண்டும். எத்தனை செ.மீ.யில் பிடித்தார் என்று குறித்துக்கொள்ளுங்கள். புவியீர்ப்புக் கணக்குப்படி 10 செ.மீ. என்றால் 0.14 விநாடி, 15 என்றால் 0.17, 20 என்றால் 0.20, 25 என்றால் 0.23, 30 என்றால் 0.25. ஒவ்வொருவரும் ஐந்து முறை செய்து சராசரி எடுக்கட்டும். இயற்பியலும் கணக்கும் இதிலேயே சேர்ந்து வந்துவிடும்.

அப்புறம் விதியை மாற்றுங்கள். பிடிக்கிறவர் 100-லிருந்து ஏழேழாகக் கழித்துச் சத்தமாகச் சொல்லிக்கொண்டே பிடிக்க வேண்டும். ஸ்கேல் இன்னும் கீழே இறங்கியிருக்கும், சிலருக்குக் கையை விட்டே போய்விடும். அடுத்து கண்ணை மூடிக்கொண்டு, விடும்போது "இப்போ" என்ற சத்தத்தை மட்டும் கேட்டுப் பிடிக்கச் செய்யுங்கள். பார்த்துப் பிடித்ததற்கும் கேட்டுப் பிடித்ததற்கும் உள்ள வித்தியாசத்தை வகுப்பு முழுக்கச் சேர்த்து ஒப்பிடலாம்.

இதற்குப் பிறகு ஒரு கேள்வி. தடித்த நரம்பிழைகளில் செய்தி விநாடிக்கு 100 மீட்டருக்கு மேலும் ஓடும். மூளையிலிருந்து விரல் வரை ஒரு மீட்டர்கூட இல்லை. அப்படியிருக்க 0.2 விநாடி எங்கே போனது? பிள்ளைகள் யோசிக்கட்டும். ஓட்டத்துக்கு ஆனது கொஞ்ச நேரம்தான். மீதி, கண்ணுக்குள் வெளிச்சம் நரம்புச் செய்தியாக மாறுவதற்கும், பெருமூளையின் பின்பகுதியான பிடரி மடல் பார்ப்பதற்கும், முன்பகுதியான நெற்றி மடல் முடிவெடுப்பதற்கும், தசை சுருங்குவதற்கும் போகிறது. கூடவே கழித்தல் கணக்குப் போடச் சொன்னால் முடிவெடுக்கும் இடத்தில் நெரிசல். வண்டி ஓட்டிக்கொண்டே போனில் பேசினால் என்ன ஆகும் என்பதை நான் இந்த இடத்தில்தான் சொல்வேன், ஸ்கேல் நழுவிப்போன கையோடு கேட்கும்போது அது ஏறும்.

நரம்புச் செய்தி என்றால் என்ன என்று கேட்பார்கள். காரைக்குடிப் பிள்ளைகளுக்கு விளக்குவது எளிது, ஊரிலேயே மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. 1948-இல் நேரு அடிக்கல் நாட்டியது, அழகப்பச் செட்டியார் நிலமும் பணமும் கொடுத்து வந்தது. மின்கலத்தில் அயனிகள் இடம் மாறி மின்னழுத்தம் உண்டாவதைப் பற்றித்தான் அங்கே ஆராய்கிறார்கள். நரம்புச் செல்லின் சவ்விலும் நடப்பது அயனிகளின் இடமாற்றமே. ஓய்வில் உள்ளே சுமார் −70 மில்லிவோல்ட் இருக்கும். சோடியம் அயனி உள்ளே பாய்ந்ததும் அது தலைகீழாக மாறி, அந்த மாற்றம் இழை நெடுக ஓடுகிறது. பத்தாம் வகுப்புக்கு இவ்வளவு போதும்.

ஆட்டு மூளை

மாதிரி உருவம், வண்ணப்படம், காணொளி எல்லாம் இருக்கின்றன. இருந்தாலும் ஒரு நிஜ மூளையை வெள்ளைத் தட்டில் வைத்ததும் வகுப்பில் வருகிற அமைதி வேறு எதிலும் வருவதில்லை. முன்கூட்டியே தலைமையாசிரியரிடம் அனுமதி வாங்குங்கள், பெற்றோருக்கும் சொல்லியனுப்புங்கள். புரட்டாசியில் வேண்டாம், விரதக் காலங்களிலும் வேண்டாம். அசைவம் தொடாத வீட்டுப் பிள்ளைகளையும், பார்க்கப் பயப்படும் பிள்ளைகளையும் வற்புறுத்தவே கூடாது. அவர்களுக்குக் களிமண் கொடுத்து மாதிரி செய்யச் சொல்லிவிடுங்கள், மதிப்பெண் எல்லோருக்கும் ஒரே மாதிரிதான்.

கறிக்கடைக்காரரிடம் முதல் நாளே சொல்லி வையுங்கள். வழக்கமாகத் தலையை நீளவாக்கில் ஒரே போடாகப் பிளப்பார்கள், மூளை இரண்டாகச் சிதைந்துவிடும். "மேல் ஓட்டை மட்டும் சில்லு சில்லாக எடுத்துத் தாங்கண்ணே, வாலோடு முழுசாக வேண்டும்" என்று விளக்கினால் செய்து தருவார். வால் என்று நான் சொல்வது முகுளமும் அதோடு ஒட்டிய தண்டுவடத் துண்டும். இரண்டு மூளை வாங்குங்கள். ஒன்றைப் பச்சையாகவே வைத்துக்கொள்ளலாம். மற்றதை உப்புத் தண்ணீரில் சில நிமிடம் வேகவைத்து எடுத்துக்கொள்ளுங்கள். பச்சை மூளை தயிர்க்கட்டி மாதிரி தளதளவென்றிருக்கும், கத்தி வைத்தால் நசுங்கும். வெந்தது கெட்டிப்பட்டு அறுக்க வரும். பதப்படுத்த ஃபார்மலின் வேண்டாம். கண்ணுக்கும் மூக்குக்கும் கெடுதல், சன்னல் குறைந்த வகுப்பறையில் இன்னும் மோசம்.

கையுறை எல்லோருக்கும் கட்டாயம். கையில் வெட்டுக்காயம் உள்ளவர்கள் தொடக்கூடாது. கத்தி ஆசிரியர் கையில் மட்டும். முடிந்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவி, மேசையைப் பிளீச்சிங் பவுடர்த் தண்ணீரால் துடைத்து, மூளையை ஆழமாகக் குழி தோண்டிப் புதைத்துவிடுங்கள்.

முதலில் பச்சை மூளையைத் தட்டில் வையுங்கள். தன் கனத்திலேயே அது தட்டையாகப் படர்ந்து அமுங்கும். பிறகு அதையே தண்ணீர் நிறைந்த கண்ணாடிப் பாத்திரத்தில் இறக்குங்கள். உருவம் திரும்ப வந்து நிற்கும். மூளையைச் சூழ்ந்திருக்கும் மூளைத் தண்டுவடத் திரவம் செய்வது என்ன என்பதற்கு வேறு விளக்கமே வேண்டாம். மனித மூளை ஏறத்தாழ 1,400 கிராம். அந்தத் திரவத்தில் மிதக்கும்போது அதன் எடை 50 கிராம் அளவுக்குத்தான் அழுத்துகிறது. திரவம் மொத்தம் சுமார் 150 மி.லி., நாள் ஒன்றுக்கு அரை லிட்டர் போலப் புதிதாகச் சுரந்து பழையது உறிஞ்சப்படுகிறது. இத்தனை பாதுகாப்பு இருந்தும் வண்டியிலிருந்து விழும் வேகத்தில் மூளை மண்டையோட்டின் உட்சுவரில் மோதும். ஹெல்மெட் பற்றிய பேச்சை நான் இந்தப் பாத்திரத்தைக் கையில் வைத்துக்கொண்டுதான் பேசுவேன்.

மேலே ஒட்டியிருக்கும் மெல்லிய சவ்வை இடுக்கியால் தூக்கிக் காட்டுங்கள். செட்டிநாட்டு வீடுகளில் மூளை வறுவலுக்கு முன்னால் மஞ்சள் போட்ட வெந்நீரில் இட்டு உரித்தெடுப்பது இதைத்தான், பல பிள்ளைகள் வீட்டில் பார்த்திருப்பார்கள். மூன்று உறைகளில் வெளியே உள்ள டியூரா மேட்டர் தடித்தது, பெரும்பாலும் மண்டையோட்டோடு போய்விடும். அரக்னாய்டும் பயா மேட்டரும்தான் நம் கையில் வருகின்றன. அதில் சிவப்பாக ஓடுகிற இழைகள் ரத்தக்குழாய்கள். உடம்பு எடையில் 2 சதவீதம் மட்டுமே உள்ள மூளை, உடம்பு வாங்கும் ஆக்சிஜனில் சுமார் 20 சதவீதத்தை எடுத்துக்கொள்கிறது. அதைக் கொண்டு வருகிற வழி இது.

இப்போது திருப்பிப் போடுங்கள். அடிப்பக்கத்தில் முன்னால் இரண்டு முகர்ச்சிக் குமிழ்கள் இருக்கும், ஆட்டுக்கு அவை பெரிது. கொஞ்சம் பின்னால் பார்வை நரம்புகள் ஒன்றையொன்று கடக்கிற இடம் பெருக்கல் குறி போலத் தெரியும். அதையொட்டிப் பின்னால் ஹைப்போதலாமஸ். சித்திரை வெயிலில் வியர்க்கச் சொல்வதும், தாகம், பசி தோன்ற வைப்பதும் இந்தச் சிறு இடம்தான். அதற்கும் பின்னால் குறுக்காகப் பட்டையாக பான்ஸ், கடைசியில் முகுளம்.

நிமிர்த்தி வைத்து, பெருமூளையின் இரண்டு பாதிகளையும் கட்டைவிரல்களால் மெல்ல விலக்குங்கள். ஆழத்தில் வெள்ளையாக ஒரு பட்டை தெரியும், இரு பாதிகளையும் இணைக்கும் கார்பஸ் கலோசம். பிறகு சிறுமூளையைக் கொஞ்சம் கீழே அழுத்தினால் அதற்கும் பெருமூளைக்கும் நடுவில் நான்கு உருண்டைகள் எட்டிப் பார்க்கும். நேற்றுக் கண்மணியைச் சுருக்கிய நடுமூளையின் மேல்பக்கம் அது. மேலிரண்டு உருண்டை பார்வை சார்ந்த அனிச்சைகளுக்கு, கீழிரண்டு கேட்டலுக்கு. பாடநூலில் கார்போரா குவாட்ரிஜெமினா என்ற நீண்ட பெயரைப் படித்துத் தடுமாறிய பிள்ளைகள் இதைப் பார்த்த பிறகு அந்தப் பெயரில் தடுக்குவதில்லை.

கடைசியாக வெந்த மூளையை நடுக்கோட்டில் ஒரே வெட்டாக இரண்டாக்குங்கள். சிறுமூளையின் உள்ளே வெள்ளைக் கிளைகள் மரம்போல விரிந்திருப்பதைப் பாருங்கள். அளவில் மூளையின் பத்தில் ஒரு பங்குதான் சிறுமூளை. ஆனால் மனித மூளையிலுள்ள சுமார் 8,600 கோடி நியூரான்களில் (நரம்புச் செல்களில்) ஏறக்குறைய 6,900 கோடி அதற்குள்தான் இருக்கின்றன. பிரேசில் நாட்டு ஆய்வாளர் சுசானா ஹெர்குலானோ-ஹூசெல் குழுவினர் 2009-இல் எண்ணிச் சொன்ன கணக்கு இது. "சிறுமூளைன்னு பேர வச்சிட்டு..." என்று பின்பெஞ்சிலிருந்து ஒரு குரல் வந்தால் வரட்டும்.

கேட்காமல் விடமாட்டார்கள்: ஆட்டுக்குச் சிறுமூளை பின்னால் இருக்கிறதே, படத்தில் நமக்கு ஏன் அடியில் இருக்கிறது? மனிதப் பெருமூளை அவ்வளவு பெரிதாகிப் பின்னால் கவிந்து மூடிவிட்டது. நாம் நிமிர்ந்து நிற்பதால் தண்டுவடமும் கீழ்நோக்கி இறங்குகிறது. அந்தப் பெருமூளையின் வெளி அடுக்கான புறணியை மடிப்பு நீக்கி விரித்தால் சுமார் 2,000 சதுர செ.மீ. வரும், செய்தித்தாளின் ஒரு பக்க அளவு. ஒரு பக்கத்தைக் கொடுத்துச் சொம்புக்குள் போடச் சொல்லுங்கள். கசக்காமல் போகாது. கசக்கினால் மடிப்பும் பள்ளமும் வந்துவிடும். மடிப்புகள் எதற்கு என்ற கேள்விக்கு அதற்குமேல் பேச வேண்டியதில்லை.

தரையில் மூளை

மறுநாள் கோலமாவு. தாழ்வாரத்திலோ மரத்தடியிலோ பத்தடி நீளத்துக்கு இரண்டு படம் போட வேண்டும். ஒன்று வெளித்தோற்றம், மற்றது நடுவில் வெட்டிய தோற்றம். நம் பக்கத்துப் பிள்ளைகளுக்குக் கோலம் கைவந்த கலை, பையன்களையும் சேர்த்தே போடச் சொல்லுங்கள். வெளித்தோற்றத்தில் நான்கு மடல்களுக்கும் நான்கு நிறம்: நெற்றி மடல், உச்சி மடல், பொட்டு மடல், பிடரி மடல். ஒவ்வொன்றுக்கும் தன் தலையில் அந்தந்த இடத்தைத் தொட்டுவிட்டுத்தான் நிறம் தூவ வேண்டும்.

அப்புறம் ஆட்டம். நான் ஒரு காரியம் சொல்வேன், அதற்குரிய இடத்தில் போய் நிற்க வேண்டும். "சைக்கிள் மிதிக்கிறாய்." "தேர்வுக்கு முன்னால் டிவி பார்க்கலாமா வேண்டாமா என்று யோசிக்கிறாய்." "இருட்டில் கை விட்டுச் சாவியைத் தடவிக் கண்டுபிடிக்கிறாய்." சைக்கிளுக்குச் சிறுமூளையில் மட்டும் எல்லோரும் குவிந்தால் நிறுத்திக் கேளுங்கள்: வழியைப் பார்ப்பது யார், காலை மிதிக்கச் சொல்வது யார்? நான்கு பேர் நான்கு இடத்துக்கு நகர்வார்கள். ஒரு வேலைக்கு ஓர் இடம் என்று பாடநூல் அட்டவணை ஏற்படுத்துகிற எண்ணம் இங்கே உடைய வேண்டும்.

நூல்கண்டு இதைவிட நல்லது. பள்ளி மணி அடிக்கிறது, வலது கையால் புத்தகத்தை மூடுகிறாய். காதில் நிற்கும் பிள்ளை நூல் நுனியைப் பிடித்துக்கொண்டு கண்டை உருட்ட, அது முகுளம், பான்ஸ் அடங்கிய மூளைத்தண்டு வழியாக நடுமூளை, அங்கிருந்து புலன்களின் செய்தியைப் புறணிக்கு அனுப்பும் தலாமஸ், பொட்டு மடல், நெற்றி மடல் என்று போகும். நெற்றி மடலின் பின் ஓரத்தில் அசைவுக்கு ஆணையிடும் பட்டை. அதிலிருந்து கீழே இறங்கி, முகுளத்தின் அடியில் இடப்பக்கத்திலிருந்து வலப்பக்கத்துக்குத் தாண்டி, தண்டுவடம் வழியே வலது கைக்கு. தாண்டுகிற இடத்தில் நிற்கும் பிள்ளை நூலைக் குறுக்கே மாற்றிக் கொடுக்க வேண்டும். இந்தத் தாண்டலை எல்லோரும் பார்க்கிற மாதிரி இரண்டு மூன்று தடவை செய்யுங்கள்.

ஏனென்றால் அடுத்துச் சொல்லப்போவது பக்கவாதம். வலது கை கால் விழுந்துவிட்டால் பாதிப்பு இடது மூளையில். அதோடு பேச்சும் ஏன் போகிறது? 1861-இல் பாரிஸில் பால் புரோகா என்ற மருத்துவரிடம் வந்த ஒரு நோயாளி, பிறர் பேசுவது புரிந்தும் "டான்" என்ற ஒரே ஒலியைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னார். அவர் இறந்த பிறகு மூளையைப் பார்த்தபோது இடது நெற்றி மடலின் கீழ்ப்பகுதி சிதைந்திருந்தது. பேச்சுக்கான இடம் பெரும்பாலானவர்களுக்கு இடப்பக்கம் என்பது அப்படித்தான் தெரிய வந்தது.

நம் ஊர்களில் பெரிய வீடுகளில் வயதானவர்கள் மட்டும் இருப்பார்கள், பிள்ளைகள் சென்னையிலோ சிங்கப்பூரிலோ. அப்பத்தாவுக்கோ ஆயாவுக்கோ திடீரென்று வாய் ஒரு பக்கம் கோணினால், தூக்கிய ஒரு கை தானாக இறங்கினால், பேச்சு குழறினால், முதலில் பார்ப்பது பள்ளிக்கூடத்திலிருந்து வந்த பேரப்பிள்ளையாகத்தான் இருக்கும், அல்லது அடுத்த வீட்டுப் பிள்ளை. சிரிக்கச் சொல், இரண்டு கையையும் தூக்கச் சொல், ஒரு வாக்கியம் பேசச் சொல், ஒன்றில் தவறினாலும் 108-க்குப் போன் செய், எத்தனை மணிக்குத் தொடங்கியது என்று குறித்து வை. ரத்தக்கட்டியைக் கரைக்கும் மருந்தை நாலரை மணி நேரத்துக்குள் கொடுக்க வேண்டும், அதுவும் ஸ்கேன் எடுத்துப் பார்த்த பிறகு. வாயில் கஷாயமோ மாத்திரையோ ஊற்றிக்கொண்டு, காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று படுக்கவைக்கக்கூடாது. இதை நாடகமாக நடிக்க வையுங்கள், ஒருத்தி அப்பத்தா, ஒருவன் பேரன். பாடத்திட்டத்தில் இருக்கிறதா இல்லையா என்று நான் பார்ப்பதில்லை.

தொடுதல், மணம், நினைவு

கொண்டை ஊசியை வளைத்து, இரண்டு முனையும் 3 மி.மீ. இடைவெளியில் இருக்கும்படி செய்யுங்கள். கண்ணை மூடிய தோழியின் விரல் நுனியில் மெல்ல வைத்தால் இரண்டு முனை என்று சரியாகச் சொல்வாள். அதையே முதுகில் வைத்தால் ஒன்று என்பாள். முதுகில் இரண்டாகத் தெரிய ஏறத்தாழ 4 செ.மீ. இடைவெளி வேண்டும். உச்சி மடலில் தொடு உணர்வுக்கான பட்டையில் விரலுக்கும் உதட்டுக்கும் ஒதுக்கிய இடம் அதிகம், முதுகுக்குக் குறைவு. கனடாவின் மாண்ட்ரியலில் வைல்டர் பென்ஃபீல்டு, விழித்திருக்கும் நோயாளிகளின் மூளைப் பரப்பில் சிறு மின்தூண்டல் கொடுத்து இதைக் கண்டறிந்தார். வலிக்காதா என்பார்கள். வலியை உணரும் நரம்பு முனைகள் மூளைத் திசுவில் இல்லை.

மணத்துக்குச் சின்னச் சின்ன டப்பாவில் கல்பாசி, மராட்டி மொக்கு, அன்னாசிப்பூ. கண்ணைக் கட்டி முகரவைத்தால் பெயரைச் சொல்வதற்கு முன்னால் "எங்க வீட்டுக் கல்யாணம்", "ஞாயித்துக்கிழமை" என்று நினைவைச் சொல்வார்கள். மற்றப் புலன்களின் செய்தி தலாமஸ் வழியாகப் பெருமூளைப் புறணிக்குப் போகும்போது, மணம் மட்டும் முகர்ச்சிக் குமிழிலிருந்து நேராகப் போகிறது. உணர்ச்சிக்கான அமிக்டாலாவும் நினைவுக்கான ஹிப்போகேம்பஸும் அந்த வழிக்கு மிக அருகில் இருக்கின்றன.

நினைவுக்குக் கண்ணாடிச் சோதனை செய்யுங்கள். ஒரு தாளில் இரட்டைக் கோட்டில் நட்சத்திரம், எதிரே நிமிர்த்திய கண்ணாடி, கைக்கு மேலே ஒரு அட்டை மறைப்பு. கண்ணாடியில் மட்டும் பார்த்துக்கொண்டு இரு கோட்டுக்கும் நடுவே பென்சிலை ஓட்ட வேண்டும். முதல் தடவை எல்லோருக்கும் கை திசை தெரியாமல் தவிக்கும். மூன்றாம் நான்காம் தடவையில் நேரமும் தவறும் குறைவதை அவர்களே குறித்துப் பார்ப்பார்கள். பிறகு ஹென்றி மொலேசனைப் பற்றிச் சொல்லுங்கள். வலிப்பு நோய்க்காக 1953-இல் அமெரிக்காவில் அவருக்கு இரு பக்கமும் ஹிப்போகேம்பஸின் பெரும்பகுதியை எடுத்துவிட்டார்கள். அதன்பின் புதிதாக எதுவும் அவர் நினைவில் நிற்கவில்லை, சற்றுமுன் சந்தித்தவரையே மறுபடி அறிமுகம் செய்துகொள்வார். பிரெண்டா மில்னர் என்ற உளவியலாளர் இதே நட்சத்திரத்தை நாள்தோறும் வரையச் சொன்னார். முன்பு வரைந்தது மொலேசனுக்கு நினைவே இல்லை, ஆனால் கை மட்டும் நாளுக்கு நாள் தேறியது. நிகழ்ச்சிகளின் நினைவு வேறு, கைப்பழக்கத்தின் நினைவு வேறு, இடங்களும் வேறு. சைக்கிள் ஏன் மறப்பதில்லை, வரலாற்று ஆண்டுகள் ஏன் மறக்கின்றன என்று பிள்ளைகளே சேர்த்துக்கொள்வார்கள். கண்ணாடி கையில் இருக்கும்போதே, சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் படித்த வி. எஸ். ராமச்சந்திரன், கை இழந்தவர்களுக்கு இல்லாத கையில் வருகிற வலியைக் கண்ணாடிப் பெட்டி ஒன்றால் தணித்ததையும் சொல்லலாம்.

இரண்டு தவறான கருத்துகளைச் சுருக்கமாக அகற்றிவிடுங்கள். மூளையில் 10 சதவீதத்தைத்தான் பயன்படுத்துகிறோம் என்பது பொய், பயன்படாத மூலை என்று ஒன்று இல்லை. வலது மூளைக்காரர் கலைஞர், இடது மூளைக்காரர் கணக்காளர் என்பதும் சரியல்ல. அபாகஸ் விளம்பரத்திலிருந்து இவை வகுப்புக்குள் வந்துவிடுகின்றன. ஆர்வமுள்ள பிள்ளைகளுக்கு, சென்னை ஐ.ஐ.டி.யின் மூளை ஆய்வு மையம் 2024 டிசம்பரில் வெளியிட்ட கருக்குழந்தை மூளைப் படங்களைப் போனில் காட்டுங்கள். 5,132 வெட்டுத் துண்டுகளின் படங்கள், யாரும் பார்க்கலாம்.

படமும் தேர்வும்

இத்தனைக்கும் பிறகு படம் வரைய ஒரு பீரியட் போதும். வெளிக்கோடு, சிறுமூளை, மூளைத்தண்டு என்ற வரிசையில் வரையச் சொல்லுங்கள். கார்பஸ் கலோசத்துக்குக் கீழே தலாமஸ், அதற்கும் கீழே ஹைப்போதலாமஸ். குறிக்கும் கோடுகள் ஸ்கேல் வைத்து, ஒன்றையொன்று வெட்டாமல், முனை அந்தப் பகுதியைத் தொடும்படி இருக்க வேண்டும். முன்மூளை, நடுமூளை, பின்மூளை அட்டவணையை நான் எழுதிப்போடுவதில்லை, பிள்ளைகளே நிரப்புவார்கள். மூளையைத் தலைமைச் செயலகம் என்றும் கணினி என்றும் எழுதினால் மதிப்பெண் குறைப்பேன், அது எந்தப் பகுதியையும் விளக்குவதில்லை.

பாடம் முடிந்ததும் நான் வைக்கிற தேர்வில் "பணிகளை எழுதுக" என்ற கேள்வி இருக்காது. ஒருவர் நன்றாகப் பேசுகிறார், நினைவும் சரி, ஆனால் டம்ளரை எடுக்கப்போனால் கை தப்பித் தப்பிப் போகிறது, எந்தப் பகுதி? கண் நன்றாக இருந்தும் பின்தலையில் அடிபட்ட பிறகு பார்வை போய்விட்டது, எப்படி? கழுத்து முறிந்தால் உயிர் போகலாம், இடுப்பில் முறிந்தால் கால் மட்டும் போகலாம், ஏன்? பதிலோடு காரணமும் இரண்டு வரியில் எழுத வேண்டும். பகுதியின் பெயரை மறந்துவிட்டு, "பிடரிக்கு உள்ளே மூச்சுக்கு ஆணையிடும் இடம்" என்று எழுதிய பிள்ளைக்கு ஒரு மதிப்பெண் மட்டும் குறைத்து மீதியைக் கொடுத்துவிடுவேன்.